வேலியோரம் ஆறு கற்கள்

எங்கள் வீட்டு வாசலில் தொங்கிய ஆகாசகருடன் கிழங்குக்கு நான் தண்ணீர் காட்டினேன் என்பதை நாற்பத்தெட்டு வயதாகியும் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். எனக்குப் பேச வராது என்பது இன்னொன்று.

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டில் எங்களுக்கு ஒரு துண்டுக் கொல்லை இருந்தது. வெறும் சரளை மண். அதன் முள்வேலி ஓரமாக என் நைனா ஆகாசகருடன் வளர்த்தார். வளர்த்தார் என்று சொல்வதைவிட விட்டு வைத்திருந்தார் என்பதே சரி. மழை விழுந்தால் தானே முளைத்துக் கோவைக்கொடி போல வேலியில் ஏறும். மாசி பிறந்ததும் கொடி காய்ந்து பொடிந்து காற்றோடு போய்விடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். இடம் மறந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு கிழங்கின் தலைமேலும் நைனா ஒரு கல் வைப்பார். மழைக்காலத்தில் சுற்றிலும் மண்ணைக் கூட்டி, தண்ணீர் நிற்காமல் வடித்து விடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. மூன்று வருடம் கழித்துத் தோண்டினால் இரண்டு கைக்கு அடங்குகிற பருமனில் இருக்கும். பாம்புக்கடி மருந்துக்கென்று காஞ்சிபுரத்து மருந்துக் கடைக்காரர் ஒருவர் வந்து வாங்கிப் போவார். சிலது ஊரார் வீட்டு வாசல்களில் தொங்கும்.

தொங்கவிட்ட கிழங்கு துளிர்க்கும். மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். காற்றைக் குடித்து வளரும் என்பார்கள். வீட்டுக்கு வருகிற கெடுதலை அது வாங்கிக்கொள்ளும். தாங்க முடியாமல் போனால் அழுகும்.

எனக்கு ஒன்பது வயதானபோது, நைனாவின் தம்பி மனைவியான சித்தி மூன்றாம் முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. நைனாவின் அக்கா, என் அத்தை, மாகறலிலிருந்து வந்தாள். அத்தைக்குப் பிள்ளையில்லை. அங்கே அவள் தனி வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் அடுத்த தெருவில் வேறொரு பெண்ணோடும் நான்கு பிள்ளைகளோடும் இருந்தார். அத்தை தன் கையால் ஒரு கிழங்கைத் தோண்டி, மஞ்சள் பூசி, சிவப்புக் கயிற்றில் வாசல் நிலைக்கு நடுவில் கட்டினாள். பிள்ளைத்தாய்ச்சி அதைத் தொடக்கூடாது, இரும்பு படக்கூடாது என்றாள். பிறகு அம்மாவிடம், உள்ளறையில் சித்தி இருப்பது தெரிந்தே சொன்னாள்.

"இது துளுத்து நின்னுதுன்னா இவ இந்த வூட்டு மருமக. அழுவிப் போச்சுன்னா, சின்னவனுக்கு நான் ஒரு பொண்ணு பாத்து வெச்சிக்கீறேன். நீ குறுக்க பேசாத."

அம்மா குறுக்கே பேசவில்லை. சித்தப்பா மட்டும் கிழங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சோறு வாணாம், தண்ணி வாணாம். இதுக்கு ரேஷன் கார்டே வாணாம் போல கீதே," என்றார்.

பன்னிரண்டாம் நாள் துளிர் விட்டது. வெளிறிய பச்சை, நுனியில் சுருள். வெளிச்சம் தெருப் பக்கம் இருக்க, அந்தத் துளிர் வீட்டுக்குள் திரும்பியிருந்தது. சித்தி படுத்திருந்த உள்ளறையைப் பார்த்தபடி. நான் ஒரு குச்சியால் அதைத் தெருப் பக்கம் திருப்பி வைத்தேன். மறுநாள் மறுபடி உள்ளே பார்த்தது.

அது கோடை விடுமுறை. பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். மதியத்தில் சித்தி உறங்க, நான் வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பேன். கிணறு வற்றி, நாய்கூட நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்த நாட்கள். கிழங்கின் தோல் சுருங்கியிருப்பது போல எனக்குப் பட்டது. அது செத்தால் சித்தி போய்விடுவாள். சித்திதான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். வலிக்காமல் பின்னத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். குடத்தைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, ஒரு குண்டான் நிறையத் தண்ணீரைத் தூக்கி, கிழங்கு முழுவதும் முங்கும்படி பிடித்துக்கொண்டேன். நூறு எண்ணும்வரை. தரையில் சொட்டியது அடுத்த நிமிடமே காய்ந்துபோயிற்று.

தினமும் அப்படிச் செய்தேன். பத்து நாள் இருக்கும். இரண்டு விரல் நீளம் இருந்த துளிர் ஒரு காலையில் ஒரு விரல் நீளம்தான் இருந்தது.

செடி கருகும், ஒடியும். வளர்ந்தது திரும்பச் சிறிதாகப் போகுமா? கிழங்கின் முகமும் மாறியிருந்தது. இடது பக்கம் இருந்த மரு காணோம். அடியில் புதிதாக ஒரு புடைப்பு. ஆனால் கெட்டியாக இருந்தது, அதே சிவப்புக் கயிறு, அதே போல உள்ளே பார்க்கும் துளிர். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இருநூறு எண்ணினேன். பத்து நாள் கழித்து அது இன்னொரு முறை முகம் மாற்றியது. பிறகு இன்னொரு முறை. வாசலைத் தாண்டும்போதெல்லாம் குனிந்தே போனேன். அது என்னைப் பார்க்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தண்ணீர் காட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதற்குக் கோபம் வரும் என்று பயம்.

அத்தை பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கட்டை விரலால் கிழங்கை அமுக்கிப் பார்ப்பாள். "ம்" என்பாள். அந்த "ம்" கேட்கும்வரை உள்ளறையில் வளையல் சத்தம்கூட இருக்காது.

ஒரு மதியம் கொல்லையில் கட்டியிருந்த ஆட்டைத் தண்ணீருக்கு ஓட்டிவர அம்மா காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போனேன். உச்சி வெயில். வேலியோரம் நைனா வைத்த கற்கள் வரிசையாக இருந்தன. ஒரு கல்லில் கால் தடுக்கியது. கல் புரண்ட இடத்தில் குழி. கிழங்கு இல்லை. அடுத்த கல்லைப் புரட்டினேன். அதிலும் குழி. ஆறு கற்கள், ஆறு குழிகள், ஒவ்வொன்றின் மேலும் கல் பழையபடி வைக்கப்பட்டிருந்தது. கிழங்குகள் தாமாக எழுந்து போய்விட்டனவா?

அப்போது வேலியின் அந்தக் கோடியில் குரல் கேட்டது. பனைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் பார்த்தேன். சித்தி. தலைமயிர் அவிழ்ந்து முகத்தை மறைத்திருந்தது. பெரிய வயிற்றோடு மண்டியிட்டு, வெறுங்கையால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் சிவந்திருந்தது. மண்ணுக்குள் குனிந்து யாரிடமோ பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு குடு. இது நிக்கும். இனிமே கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு."

ஆட்டை விட்டுவிட்டு ஓடிவந்தேன். மாலையில் சித்தி எப்போதும் போல எனக்குத் தலை பின்னினாள். அவள் விரல்களில் மண் வாசனை அடித்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை வந்தாள். படி நிறைய அரிசி அளந்துவரச் சொல்லி அம்மா என்னை உள்ளறைக்கு அனுப்பினாள். படி, நெல் பத்தாயத்துக்குப் பின்னால் விழுந்திருந்தது. கையை விட்டேன். சில்லென்று ஏதோ விரலைத் தொட்டது. எட்டிப் பார்த்தால், இருட்டில் சுவரோரம் வெள்ளை வெள்ளையாக, எலும்பு நிறத்தில் நீளநீளமான விரல்கள். என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

வெளியே வந்து அத்தையின் காதில் சொன்னேன்.

"அத்த, சித்தி அறையில வெள்ளையா வெரலுங்க கீது. சுவுத்துல."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சித்தியும் இருந்தாள். சத்தமோ அழுகையோ வரும் என்று அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. உலை கொதித்து அடங்குகிற நேரம் ஆயிற்று.

வெளியே வந்த அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எலிக் குஞ்சுடி. அதப் போயி வெரலு, கிரலுன்னுகினு. இன்னா வாயி உனுக்கு," என்று என் தலையில் குட்டினாள். அன்றைக்குப் போகும்போது அவள் கிழங்கை அமுக்கிப் பார்க்கவில்லை. அடுத்த முறை வந்தபோது வாசலில் நிற்கவே இல்லை. நேரே உள்ளறைக்குப் போனாள். அவள் மடி கனமாகத் தொங்கியது. நடந்த வழியெல்லாம் மாகறல் ஆற்று மணல் உதிர்ந்திருந்தது.

ஆடி கழிந்து சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கியது. அப்போதும் வாசலில் கிழங்கு துளிரோடு இருந்தது. இத்தனையும் என் தண்ணீரால்தான் என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

போன வருடம் என் வீட்டு வாசலில் ஒரு கிழங்கு கட்டினேன். அது துளிர் விட்ட பிறகு, காய்ந்துவிடும் என்று என் மகள் தினமும் தண்ணீர் தெளித்திருக்கிறாள். பத்தே நாளில் பழுப்பு நீர் வடிந்து, நாற்றமெடுத்து, நடு வாசலில் அறுந்து விழுந்தது.

அதைக் கூட்டி அள்ளும்போதுதான் எனக்கு எண்ணிக்கை ஓடியது. ஆறு குழி, ஆறு கல். ஒவ்வொரு முறையும் அது அழுகியதைச் சித்தி விடியலில் முதல் ஆளாகப் பார்த்திருக்கிறாள். தன் வயிற்றுக்குள்ளும் அதுதான் நடக்கிறது என்று நினைத்திருக்கிறாள். பத்தாயத்துக்குப் பின்னால் துளிர்க்க வைத்திருந்ததை எடுத்துக் கட்டிவிட்டு, தொடக்கூடாததைத் தொட்ட பயத்தோடு அடுத்ததைத் தோண்ட வெயிலில் போயிருக்கிறாள். மதியம் அவள் கண்ணயர்ந்ததும், நான் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு ஏறியிருக்கிறேன். துளிர் மட்டும் ஏன் அந்த வீட்டில் உள்ளேயே பார்த்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. என் வீட்டில் அது தெருவைத்தான் பார்த்தது.

சொல்லிவிடலாம் என்று போன மாதம் சித்தியைப் பார்க்கப் போனேன். வாசலில் இப்போதும் ஒன்று தொங்குகிறது. வெயிலில் நடந்து வந்திருந்தேன். சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"மொதல்ல குடிடி. அப்பறம் பேசலாம்."

குடித்தேன். சொம்பு காலியாகும்வரை கீழே வைக்கவில்லை.