யார் அந்த ஏழுமலை?

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தேக்காவில் நடந்த கல்யாணங்களில் பூவம்மா அத்தையின் அண்டாவில்தான் சோறு வெந்தது. காதுகுத்து, கருமாதி, கோயில் அன்னதானம் என்று எதுவானாலும் பஃபலோ ரோட்டில் அவரைத் தேடித்தான் ஆள் வரும். அத்தை எங்களுக்கு உறவு இல்லை. ஒரே கடைவீட்டின் மாடியில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம், அவ்வளவுதான்.

அவர் தேக்கா சந்தையில் மசாலா அரைத்து விற்றார். வாங்க வருகிற சீனப் பெண்ணோ மலாய்ப் பெண்ணோ வாயைத் திறப்பதற்குள் "ஈக்கானா, ஆயாமா?" என்று கேட்பார். மீனா கோழியா என்று தெரிந்ததும் மஞ்சளும் மிளகாயும் மல்லியும் அவர் கையிலேயே அளவாகி வாழையிலையில் விழும். கையில் கொஞ்சம் சேர்ந்தால் மற்றவர்கள் நகை வாங்குவார்கள். அத்தை பாத்திரம் வாங்குவார். பித்தளை அண்டா, தேக்சா, வாளி, ஆளுயரக் கரண்டி. எல்லாம் மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருக்கும். யார் கேட்டாலும் கொடுப்பார், வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அண்டாவில் வெட்டியிருக்கும் பெயர் பந்தியில் இருப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும்.

சமையல்காரர் மருதப்பன் இதை வைத்தே அவரைச் சீண்டுவார்.

"ஏக்கா, பேரு தெரிஞ்சாத்தான் சோறு வேகுமா?"

"உனக்கு எப்படி வச்சாலும் குழைஞ்சுதான் போகும். நீ பேரப் பந்திப் பக்கம் திருப்பி வை, போதும்."

புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய அந்தப் பெயர் ஏழுமலை. அத்தையின் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவில்லை. இறந்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அத்தை பொட்டை அழிக்கவில்லை. அவருடைய உறவென்று இங்கே ஒருவரும் இல்லை. கூட மூட்டை தூக்கியவர்களும் அதே லாரியில் போய்விட்டார்கள். ஆறாத புண்ணை எதற்குக் கிளறுவது என்று ஏழுமலை என்ற பெயரை அத்தையின் முன்னால் யாரும் எடுப்பதில்லை. பாத்திரங்களையும் 'பூவம்மா அண்டா' என்றே சொல்லிக்கொண்டோம். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. அண்டா கழுவி வந்ததும் அந்தப் புள்ளிகளை ஒரு தடவை விரலால் தடவிவிட்டுத்தான் உள்ளே வைப்பார்.

அறுபத்தாறாம் வருடம் அத்தைக்குத் தோ பாயோ அடுக்குமாடியில் ஓர் அறை வீடு கிடைத்தது. வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர் சிரித்தார். "தண்ணி வருது, லைட் எரியுது, எல்லாம் நல்லாத்தான்லா இருக்கு. ஆனா அண்டாவ உள்ள வச்சா நான் வெளிய படுக்கணும்." அத்தனை பாத்திரங்களையும் பெருமாள் கோயிலுக்கே கொடுத்துவிட்டார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. கோயிலில் கூட்டம். அன்னதானத்துக்கு முன் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார். "அமரர் ஏழுமலை அவர்கள் நினைவாகப் பாத்திரங்கள் அனைத்தையும் வழங்கிய அவர்தம் துணைவியார் பூவம்மா அவர்களுக்கு..."

நான் பெருமையோடு அத்தையைப் பார்த்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"யாருடி அந்த ஏழுமலை?"

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றது. "அத்தை, அண்டால அப்படித்தானே போட்டிருக்கு?" என்றேன். இலை போட்டும் அத்தை உட்காரவில்லை. அடுக்களைப் பக்கம் போய், அண்டாவின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

மறுநாள் அவர் சந்தைக்குப் போகவில்லை. அம்மி சத்தம் கேட்காமல் நான் கண்விழித்தது அன்றுதான். போய்ப் பார்த்தபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குப் பேரு வெட்டுனேன் தெரியுமா, கண்மணி? சயாமிலேருந்து எத்தனையோ பேரு புத்தி கலங்கி, வீடு தெரியாம வந்தாங்க. இவரும் அப்படி வந்து, எங்கியாவது ஒரு பந்தில உக்காந்தா, தன் பேரப் பாத்துட்டு 'இது யாரு அண்டா'ன்னு கேப்பாருல்ல? மொதல்ல அதுக்குத்தான். அப்புறம் வயசாக ஆக, சரி, அவரு பேராவது நாலு பேரு கண்ணுல படட்டும்னு. கடைசில பாரு, எவனோ ஒருத்தன் பேர ஊருக்கெல்லாம் காட்டிட்டு உக்காந்திருக்கேன்."

அந்த வருடம்தான் நான் பட்டம் வாங்கியிருந்தேன், எங்கள் வீட்டில் முதல் ஆளாக. மேடையில் என் பெயரை உருத்தெரியாமல் உச்சரித்தார்கள். வேறு யாரோ ஏறிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனது போல இருந்தது. அந்தச் சின்ன விஷயம் பல நாள் உறுத்தியது. நான் படித்தது வரலாறு. சயாம் ரயில் பாதையில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் இறந்தார்கள் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். அந்த ஆயிரத்தில் ஒருவரின் பெயரைக்கூட அன்றுவரை நான் விசாரித்ததில்லை.

இருவருமாக ஹனீபாவைப் பார்க்கப் போனோம். சிராங்கூன் ரோட்டில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவர் அவர்.

"நீங்கதான அக்கா சொன்னீங்க?" என்று ஹனீபா பதறினார். "பேரக் கேட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டு, 'திருப்பதி மலைல இருக்காருல்ல, அவரு பேரு'ன்னீங்க. எனக்கு உங்க சாமி பேரெல்லாம் எங்க தெரியும்? பக்கத்துல வாழையில விக்கிறவர்ட்ட கேட்டேன், திருப்பதி சாமிக்கு என்ன பேருன்னு. மனுசன் நெஞ்ச நிமித்திக்கிட்டு 'எம் பேருதான், ஏழுமலை'ன்னாரு. நான் வெட்டிட்டேன். அதுக்கப்புறம் நீங்க 'அதே பேரு'ன்னு சொல்லியே ஒவ்வொண்ணாக் கொண்டாந்தீங்க."

ஆக, இலை விற்றவரின் பெயரைத்தான் ஊரே இத்தனை வருடம் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. அத்தைகூட ஒரு கணம் சிரித்துவிட்டார்.

"சரி, இப்பவாவது பேரச் சொல்லுங்க," என்று ஹனீபா உளியை எடுத்தார்.

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அதான், மலையேறுறப்ப எல்லாரும் சத்தம் போடுவாங்களே..."

எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. சின்ன வயதில் கோயிலில் எல்லாரும் "கோவிந்தா" என்று கத்தும்போது அத்தை மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். பெருமாளோடு அவருக்கு ஏதோ சண்டை என்று நானும் தம்பியும் பேசிக்கொள்வோம்.

"கோவிந்தனா அத்தை?"

இல்லை என்று தலையாட்டினார்.

"கோவிந்தராஜு?"

"ம்ஹும்."

"நீங்களே சொல்லிடுங்களேன்க்கா," என்றார் ஹனீபா. "மறுபடி நாங்க தப்பா வெட்டுனா?"

"பேரு சொன்னா புருசனுக்கு ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லி அனுப்புச்சு. வராத ஆளுக்கு ஆயுசு எவ்வளவுன்னு யாரு கண்டா? நான் ஏன் குறைக்கணும்?"

ஹனீபா உளியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அவரு பேரு தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல வேற யாருக்கா இருக்கா?"

"நான்தான்."

"அப்ப உங்களுக்கு அப்புறம்?"

அத்தை உளியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எப்பவும் அவருக்கு அது ஒரு விளையாட்டு. 'பூவு, ஒரு தடவ பேரு சொல்லிக் கூப்பிடு'ம்பாரு. நான் ஓடிருவேன். லாரில ஏத்துன அன்னிக்கும் அதையே கேட்டாரு. 'நான் போயிட்டா இந்த ஊர்ல எம் பேரச் சொல்ல ஒரு ஆளு வேணாமா? கூப்பிடு, திரும்பிப் பாக்குறேன்'னாரு. சுத்தி அத்தன சனம். நான் சும்மா நின்னேன். லாரி போயிருச்சு. அவரு திரும்பிப் பாக்கல."

முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். மசாலா ஏறி மஞ்சளாகிப் போன விரல்களால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"கோவிந்தசாமி," என்றார்.

குரல் மிகச் சின்னதாக இருந்தது. சொன்னதும் அவர் கண் தெருப்பக்கம் போனது. என் கண்ணும் போனது. ஹனீபாவும் எட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பழைய பெயரைத் தட்டி அழித்துவிடலாமா என்று ஹனீபா கேட்டதற்கு அத்தை வேண்டாம் என்றுவிட்டார். "இத்தன வருசம் எங்கூடவே இருந்துட்டாரு அந்த ஏழுமலை. பாவம், இருந்துட்டுப் போகட்டும். கீழ வெட்டு."

அடுத்து வந்த நாட்களில் ஹனீபா கோயில் அடுக்களைக்கே போய், ஒவ்வொரு பாத்திரத்திலும் கோவிந்தசாமி என்று வெட்டினார். கூலி கொடுக்கப் போனால் கோபித்துக்கொண்டார். அவர் வெட்டும்போது நான் பக்கத்தில் நின்று எழுத்துகளைப் படித்துச் சொன்னேன். என் பட்டத்துக்கு நான் தேடிக்கொண்டிருந்த பயன்களில் இது ஒன்றாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

வேலை முடிந்த அன்று அத்தையிடம் கேட்டேன். "உங்க பேரையும் ஒரு ஓரத்துல வெட்டச் சொல்லலாமே, அத்தை? வாங்குனது நீங்கதானே?"

"எனக்கெதுக்குடி? எம் பேரத்தான் எல்லாரும் சொல்றீங்களே, பூவம்மா அண்டா பூவம்மா அண்டான்னு."

ஒரு மனிதர் போன பிறகு அவர் பெயர் இருந்தால் என்ன, போனால் என்ன என்று நண்பர்களோடு பல்கலைக்கழகத்தில் வாதாடியிருக்கிறேன். மூட்டை தூக்கிய கோவிந்தசாமி தன் பெயரைக் கல்லில் செதுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் வாயால் ஒரு தடவை கேட்கத்தான் ஆசைப்பட்டார். அந்த ஒரு ஆசைக்காக ஓர் ஊருக்கே சோறு வேகவைத்த பெண்ணை எனக்குத் தெரியும். அதற்கு மேல் வாதாட இப்போது என்னிடம் எதுவும் இல்லை.

புரட்டாசியின் அடுத்த சனிக்கிழமை, அந்த வாரம் புது வீட்டுக்குக் குடிபோயிருந்த அத்தை தோ பாயோவிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். நெற்றியில் வழக்கமான பொட்டு. அன்னதானப் பந்தியில் அண்டாக்கள் இரண்டு பெயர்களோடும் வெளியே பார்த்து நின்றன. தீபாராதனையின்போது கூட்டம் முழுவதும் "கோவிந்தா!" என்று ஒரே குரலில் எழுந்தது. அத்தையின் உதடு திறந்தது. கூட்டத்தோடு தொடங்கினார், கூட்டம் நிறுத்திய இடத்தில் நிறுத்தவில்லை. எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"...சாமி!"

முன்னால் நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.