சூடோ விட்ட ஓரெழுத்து

என் மனைவியின் தம்பிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் சூடோ. லினக்ஸ் கணினியில் நிர்வாகியாக இருப்பவர் எந்தக் கட்டளைக்கும் முன்னால் 'சூடோ' என்று தட்டினால், முதலாளியே சொல்வதாக நினைத்து அது பணிந்துவிடும். மச்சினனுக்கு வாழ்க்கையில் பிடித்துப்போன ஒரே வார்த்தை அதுதான். கல்லூரியைப் பாதியில் விட்டான். கிடைத்த வேலைகளையும், மேலதிகாரிக்கு மூளை இல்லை என்று சொல்லி விட்டான். அவனுக்குத் தெரியாதது என்று ஒன்றும் கிடையாது. கேட்டுப் பார்த்தால் தெரிந்தது என்றும் ஒன்றும் இருக்காது.

அந்த மேதையைத்தான் என் மனைவி தன் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக் கணினிக்குப் பொறுப்பாக்கினாள். பாசம் கண்ணை மறைத்தது. வந்ததும் அவளுடைய நிர்வாகி உரிமையைத்தான் முதலில் பிடுங்கினான்.

"சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கணும்க்கா."

அன்று ரிப்போர்ட் அச்சிடும் புது மென்பொருளை ஏற்ற வேண்டும். அது கன்டெய்னர் என்ற பொட்டலமாக வரும். பிரித்து ஓட்ட டாக்கர் என்ற இன்னொரு மென்பொருள் வேண்டும். டாக்கரை நிறுவும் முன்பே பழைய மென்பொருளை அழித்துவிட்டான். வெளியே பெஞ்சில் ஆட்கள் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு குழந்தையின் ரிப்போர்ட்டைக் கேட்டு மருத்துவர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார்.

டாக்கர் இறங்கியது. அடுத்து, தன்னை டாக்கர் குழுவில் சேர்க்கும் வரியைத் தட்டினான். பக்கத்தில் திறந்திருந்த செய்முறைக் குறிப்பை நான் படித்தேன்.

"இதுல நடுவுல ஒரு 'ஏ' இருக்கேப்பா. அது இல்லன்னா மத்த குழுவுலேர்ந்தெல்லாம் உன்னைத் தூக்கிடும்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் சும்மா பூச்சாண்டி மாமா. இதையெல்லாம் எவன் படிப்பான்?"

என்டரைத் தட்டிவிட்டு, கணினியிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வந்தான். டாக்கரை ஓடவிட, வழக்கமான மிடுக்கோடு 'சூடோ' போட்டான். கணினி மறுத்தது. நிர்வாகிகள் குழுவிலிருந்து தன்னையே தூக்கி எறிந்திருந்தான், தடிமாடு. அந்தக் கூடத்தில் வேறு நிர்வாகியும் கிடையாது.

என் மனைவி பேனாவை எடுத்து, குழந்தையின் ரிப்போர்ட்டைக் கையால் எழுத ஆரம்பித்தாள்.

"அக்கா, உனக்கு அனுமதி இல்ல, இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்னு வருது. யார்கிட்டக்கா புகார் பண்ணும்?"

அவள் தலை நிமிரவில்லை.

"நிர்வாகிகிட்டதான். இங்க அது நீ ஒருத்தன்தானேடா. புகார் வந்தா, அதையாவது படிச்சுப் பாரு."