அக்னி மூலையில் நாலு டயோடு

ஷைலஜாவுக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தூக்கி எறியாமல் இருந்ததே பெரிய காரியம். வீட்டுக்கு வாஸ்து பார்க்கலாம், கடைக்குப் பார்க்கலாம். உள்ளங்கை அகலச் சர்க்யூட் போர்டுக்கு எவராவது வாஸ்து பார்ப்பார்களா? பார்த்தார்கள். கிழக்கேகோட்டையில், பாத்திரக்கடை மாடியில், ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கும் மஹேஷின் ஆபீஸில், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றே பார்த்தார்கள்.

“டயோடு சூடாகுமோல்லியோ? அப்போ அது அக்னிதானே. தென்கிழக்கு மூலைக்குத் தள்ளு,” என்றார் மஹேஷ். பக்கத்தில் நின்ற வாஸ்து ஆலோசகர் லிங்கம் கண்ணை மூடித் தலையாட்டினார்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷைலஜாவுக்கு இந்த வேலைதான். பாறசாலையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, கம்ப்யூட்டரில் போர்டு வரைவாள். இப்போது வரைவது ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. டிரான்ஸ்ஃபார்மர் வயர் வந்து சேரும் இடத்திலேயே, மேலே இடது மூலையில் நாலு டயோடு. அதை ஒட்டியே பெரிய கெப்பாசிட்டர்கள். அந்த வழியில் கரண்ட் விட்டுவிட்டு, குத்திக் குத்திப் பாயும். வழி குட்டையாக இருந்தால் தொல்லையில்லை. டயோடைத் தென்கிழக்கு என்று கீழே வலது மூலைக்குத் துரத்தினால் அந்தக் கரண்ட் பாட்டு சிக்னலுக்கான கிரவுண்டு வழியே ஊர்சுற்றித் திரும்பும். ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று முனகும்.

முனகியும் இருக்கிறது. போன போர்டில் இதே லிங்கம் சொன்னாரென்று மாற்றி வரைந்தாள். நெடுமங்காட்டுக் கல்யாண மண்டபத்திலிருந்து செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லிங்கத்தை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டு முழுக்க ஷைலஜாவுக்கு. “இனி ஒண்ணு முனகித்துன்னா நீ வேற இடம் பாத்துக்கோ” என்று எல்லார் முன்னாலும் சொன்னார் மஹேஷ். என்ன அநியாயம் இது!

“சார், வாங்குறவன் செட்டைத் திருப்பி வச்சா தென்கிழக்கு வடமேற்கா ஆயிடுமே. அப்போ என்ன செய்வீங்க?”

“எதிர்த்து எதிர்த்துப் பேசாதே. அவர் சொன்னா சொன்னதுதான்.”

“முனகினா எனக்க தலையிலதானே விடியும்?”

இரண்டு பேரும் டீ குடிக்க இறங்கிப் போனார்கள்.

ஷைலஜா திரையையே முறைத்தாள். மாற்றினால் போர்டு கெடும், வேலை போகும். மாற்றாவிட்டாலும் வேலை போகும். நல்ல நியாயம்! பல்லைக் கடித்துக்கொண்டு, போர்டின் ஓரத்தில் இடப்பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டு, அதன்மேல் ‘கிழக்கு’ என்று எழுதினாள். வேறெதையும் தொடவில்லை.

திரும்பி வந்த லிங்கம் பிரிண்டை வாங்கி, அம்புக்கு ஏற்ப, கிழக்கு வலப்பக்கம் வரும்படி தலைகீழாகத் திருப்பினார். இடது மூலை டயோடுகள் இப்போது கச்சிதமாகத் தென்கிழக்கில். “இப்பம் சரியாச்சு,” என்றார்.

போர்டு தயாராகி வந்து, செட்டில் மாட்டி, பாட்டுப் போடாமலே வால்யூமை முழுக்க ஏற்றினார்கள். மஹேஷ் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். முனகல் துளியும் இல்லை.

“பாத்தியா? நான் சொன்னேனோல்லியோ? வாஸ்துன்னா சும்மாவா!” என்று லிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாயைப் பொத்திக்கொண்டு போயிருக்கலாம். அவளால் முடியவில்லை. “என்னத்த வாஸ்து? நான் ஒரு டயோடைக்கூட நகத்தல சார். அம்புதான் வரைஞ்சேன். முதல்ல நான் போட்ட அதே போர்டாக்கும் இது!”

லிங்கம் தரையைப் பார்த்தார். மஹேஷ் போர்டையும் அம்பையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்போ அந்த அம்புதான் வேலை செஞ்சிருக்கு! இனிமே எல்லா போர்டுலயும் போட்டுடு.”

ஷைலஜாவுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. இந்த மனுஷனிடம் இனி எதைச் சொல்லி என்ன! எழுந்து நின்றாள்.

“போடுறேன் சார். ஆனா கிழக்கு எந்தப் பக்கம்னு இனி நான்தான் சொல்லுவேன்.”