விருந்தாளிக்குப் பெருக்கிய குகை

ஃபிஜியின் லாவ் தீவுகளில் ஒன்றில், சுண்ணாம்புப் பாறையை ஒட்டி மரவள்ளி போட்டுப் பிழைத்தவள் செரெயானா. அவள் வாய்க்குப் பயந்து ஊரே ஒதுங்கிப் போகும். பாறையில் இருந்த குகை அவள் குலத்துக்குச் சொந்தம். அதன் வாயில், வெளிச்சம் எட்டும் இடத்திலேயே பெக்காபெக்காக்கள் தொங்கும். கட்டைவிரல் நீள வௌவால்கள். பொழுது சாயும்போது அவை பூச்சி பிடிக்கக் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் உலை வைப்பாள். முப்பது வருஷப் பழக்கம்.

மற்ற தீவுகளில் அவை அற்றுப்போய்க்கொண்டிருப்பதாக, தலைநகர் சுவாவிலிருந்து வந்த வனவிலங்கு அதிகாரியம்மா ஒருமுறை வருத்தப்பட்டார். செரெயானாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க குகையில இருக்கே!" என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் எண்ணிப் பார்க்க ஆட்களோடு வருவதாகச் சொல்லிப் போனார் அதிகாரியம்மா.

விருந்தாளி வரும் இடம் புதர் மண்டிக் கிடக்கலாமா? அந்த ஊரில் அதைவிடத் தலைகுனிவு கிடையாது. செரெயானா பெண்களைத் திரட்டிக்கொண்டு போய், குகை வாயை மறைத்த கொடிகளையும் குட்டை மரங்களையும் வெட்டித் தள்ளினாள். எச்சத்தைக் கூட்டிப் பெருக்கித் தாழம்பாய் விரித்தாள். பன்றி வேகவைக்கும் குழி அடுப்பைக்கூட அங்கேயே தோண்டினார்கள், விருந்தாளிக்குக் கால் வலிக்கக் கூடாதாம். புகை மொத்தமும் குகைக்குள் போயிற்று.

வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். எண்ணுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

"விருந்தாளிக்குப் பாய் போட்டு வீட்டுக்காரனைத் துரத்திட்டியே மச்சினி!" என்றான் அத்தை மகன் அபெனிசா.

"வாயை மூடு மச்சான். பன்னித் தொடை ரெண்டைத் தின்னது யாரு?"

வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாள், சடங்குகளில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யாங்கோனா வேர்க்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு குகை வாயில் போய் உட்கார்ந்தாள். தப்புச் செய்தவர் மன்னிப்புக் கேட்கும் முறைப்படி, தலை கவிழ்ந்து, வேரை முன்னால் வைத்தாள். மன்னித்தால் கை தட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். காலிக் குகையில் யார் தட்டுவது?

கேலி பண்ணத்தான் அபெனிசா பின்னாலேயே வந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எதிரே போய் உட்கார்ந்தான். கையைக் குவித்து மூன்று முறை தட்டினான்.

பிறகு அவள் குகைக்குப் போகும் பாதையில் கம்பு நட்டு, தடைக்கு அடையாளமாகத் தென்னோலை கட்டினாள். யாரும் தாண்டக் கூடாது, அவளும்தான். ஐந்து மாதம் குகைப் பக்கம் திரும்பாமலே உலை வைத்தாள். சோறு இறங்கவில்லை. வெட்டிய இடத்தில் கொடி மறுபடி ஏறியது.

ஒரு சாயங்காலம் மரவள்ளித் தோட்டத்திலிருந்து அபெனிசா கத்தினான். "மச்சினி, ஓடி வா! அஞ்சு இருக்கு. இல்ல, ஆறு!"

ஓடினாள். தலைக்கு மேலே அவை சுற்றிச் சுற்றிப் பறந்தன. சேற்றிலேயே உட்கார்ந்து, இருட்டி எதுவும் தெரியாமல் போகும்வரை பார்த்தாள்.

மறுவாரம் அதிகாரியம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏதாவது திரும்பி வந்துச்சா? வந்திருந்தா சொல்லுங்க, உடனே கிளம்பி வர்றோம்."

செரெயானா தேவாலய மாதர் சங்கத் தலைவி. பொய் சொன்னதாக அவள் மேல் ஒரு பேச்சு கிடையாது.

"ஒண்ணுகூட வரலைம்மா," என்றாள்.