தற்காலிகமாக வெளியே போயிருக்கிறார்

போன வருடம் ஏப்ரல் மாதம், ஸ்காபரோவில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் லோன்ட்ரி அறையில் நடந்த ஒரு சின்ன விஷயத்தில் இருந்துதான் இது தொடங்கியது. ஒரு வாஷிங் மெஷின் உடைந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் ரஷ்யப் பெண்மணி ஒருவர் தன் உடுப்புகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். நான் மூலையில் கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போது என்னை அறியாமல் வாயில் இருந்து 'வெத்ரோ, வெத்ரோ' என்று வந்துவிட்டது. ரஷ்ய மொழியில் வாளிக்கு அதுதான் பெயர்.

அந்தப் பெண்மணி உடுப்புகளை மறந்து என்னையே பார்த்தார். எங்கே படித்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கோ கேள்விப்பட்டேன் என்று மழுப்பினேன். அவர் விடவில்லை. "எந்தப் பாடப் புத்தகமும் வாளியில் தொடங்காது. நீ கிராமத்தில் வேலை செய்திருக்கிறாய்" என்றார். ஊரில் அவர் பூகோளம் படிப்பித்த ஆசிரியை என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கே கடையொன்றில் காசாளர். அன்றில் இருந்து அவரை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த ஒரு சொல்லை நான் இருபத்தெட்டு வருடங்களாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். காரணம் வெட்கமல்ல, பயம். தொண்ணூறுகளில் இலங்கையில் இருந்து ஆள் கடத்தும் ஏஜென்சி மூலம் கனடா வந்த எங்களில் பலரைப்போல நானும் வந்த வழியை அகதிக் கேஸில் மறைத்தவன். ரஷ்யாவில் நின்றதைச் சொன்னால் 'அங்கேயே ஏன் அகதியாகக் கேட்கவில்லை' என்று திருப்பிவிடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆகவே என் கதையில் ரஷ்யா இல்லை. கேஸ் வென்று, குடியுரிமை எடுத்து, பிள்ளைகள் பல்கலைக்கழகம் முடித்த பிறகும் இல்லை. மனைவிக்கு மட்டும் அரைகுறையாகத் தெரியும்.

நடந்தது இதுதான். மொஸ்கோவில் இருந்து எங்கள் ஒன்பது பேரை ஏஜென்சிக்காரர்கள் ஒரு வேனில் காலையில் ஏற்றினார்கள். பொழுதுபடும் நேரத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு கொட்டிலில் இறக்கிவிட்டு, இரண்டு நாளில் வருவோம் என்று போனவர்கள் வரவில்லை. நாலாம் நாள் சாப்பாடும் முடிந்தது. ஐந்தாம் நாள் காலை ஒரு பெண் வந்து கதவைத் திறந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் துணி, காலில் ரப்பர் சப்பாத்து. அவர்தான் அந்த இடத்துக் கிராம சபைத் தலைவி. எங்கள் ஊர் ஜி.எஸ்., அதுதான் கிராம சேவகர், மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிராமங்கள் அவருக்குக் கீழே. அவருக்கு மேலே நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சிறு பட்டணம், அங்கே பகுதி நிர்வாகம், ஆஸ்பத்திரி, பொலிஸ் எல்லாம். வாரத்தில் இரண்டு நாள்தான் அங்கே பஸ்.

அந்தப் பெண் எங்களை எண்ணிப் பார்த்தார். பொலிசைக் கூப்பிடுவார் என்று நடுங்கிக்கொண்டு நின்றோம். அவர் போய் ஒரு பானை நிறைய அவித்த உருளைக்கிழங்குடன் திரும்பி வந்தார். பிறகு, பிள்ளைகள் குறைந்ததால் மூடிக்கிடந்த பாலர் பாடசாலையைத் திறந்து எங்களை விட்டார். சும்மா விடவில்லை. அடுத்த நாளே வாளியைக் கையில் தந்து கிழங்கு கிண்ட அனுப்பினார். அந்தக் கறுப்பு மண் காலில் ஒட்டினால் இரண்டு கிலோ பாரம் கூடும்.

ஒரு வாரம் கழித்துப் பெரிய பதிவேடு ஒன்றுடன் வந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். யார் யார் இருக்கிறார்கள், எத்தனை மாடு, எத்தனை கோழி, தோட்டம் எவ்வளவு என்று அதில் எழுதவேண்டும். பாலர் பாடசாலைக்கும் ஒரு பக்கம் திறந்தார். மாடு, ஆடு, கோழி என்ற இடங்களில் எல்லாம் சிரித்துக்கொண்டே கோடு போட்டார். பிறகு எங்கள் பெயர்களைக் கேட்டார். நாங்கள் ஒன்பது பேரும் பொய் சொன்னோம். போய்ச் சேரும் வரைக்கும் கள்ளப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் உன் பெயர் என்பது ஏஜென்சியின் கட்டளை. நான் சொன்னது முகம் தெரியாத ஒரு மலேசியாக்காரரின் பெயர். தலைவி ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கவனமாக எழுதினார்.

மூன்றாவது கிழமை எனக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அந்த அம்மா என்னைப் பால் ஏற்றும் லொறியில் தன் பக்கத்தில் இருத்திப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே தாதி மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. அது என் பெயர் என்பது காய்ச்சலில் மறந்துபோயிருந்தது. எனக்குக் காது போய்விட்டது என்று நினைத்து அந்த அம்மா பதறிப்போனார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அந்தப் பெயரைச் சுருக்கிச் செல்லமாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர். என் உண்மைப் பெயரைச் சொல்லவேண்டும் என்று எனக்கு அப்போது எழுந்த ஆசையை விவரிக்க முடியாது. சொல்லவில்லை.

ஏழாவது கிழமை, அவர் கூட்டத்துக்காகப் பட்டணம் போயிருந்த ஒரு மத்தியானம், வேன் வந்தது. பத்து நிமிடம் தந்தார்கள். அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டு ஏறினோம். ஒரு சொல் சொல்லிவிட்டு வரவில்லை. சொல்லாமல் வந்த அந்தக் குறை இத்தனை வருடமும் என்னோடு இருந்தது. நான் உயிரோடு இருக்கிறேன், என் பெயர் இது, இந்த இரண்டையும் அவரிடம் சொன்னால் போதும் என்று ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் நினைப்பேன். ஆனால் அந்த ஊரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பெயர்ப்பலகை இருந்தது, வாசிக்கத் தெரியவில்லை.

வாளி என்ற ஒரு சொல்லை வைத்தே என்னைக் கண்டுபிடித்த டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். மண் என்ன நிறம்? சீனி எடுக்கும் பீட் கிழங்கு தெருவோரம் குவிந்திருந்ததா? சூரியகாந்தி வயல் உண்டா? வேன் எத்தனை மணித்தியாலம் ஓடியது? வெயில் எந்தப் பக்கக் கண்ணாடியால் வந்தது? ஊருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் குன்று இருந்தது, பிள்ளைகள் அதில் இருந்து சுண்ணாம்புக் கட்டி உடைத்துப்போய்ப் பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுவார்கள் என்று நான் சொன்னதும் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "இதை முதலே சொல்லியிருக்க வேண்டாமா? அப்படிக் குன்று சில மாகாணங்களில்தான் உண்டு" என்று ஏசினார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டுக் குசினியில் கணினிக்கு முன்னால் இருந்தோம். செய்மதிப் படத்தில் வெள்ளைக் குன்றுகளைத் தேடினோம். ஒரே மாதிரியான பகுதிகள் ஐந்தாறு. ஒன்றில் ரயில் பாதை நான் கண்டதுபோல் இல்லாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது, ஒன்றில் நான் பார்த்த தானியக் களஞ்சியம் இல்லை. யூன் மாதம் ஒரு ஞாயிறு, ஆறு முழங்கைபோல மடியும் இடத்தில் பாலர் பாடசாலையைக் கண்டேன். கூரை பாதி விழுந்திருந்தது. ஆனால் அதே கட்டிடம்தான். பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி. நான் டீச்சர் வீட்டு மேசையில் தலையை வைத்து அழுதேன்.

அந்த உற்சாகத்தில் யூனியன்வில்லில் இருக்கும் ஒருவருக்கு போன் செய்தேன். அந்த வேனில் வந்த எங்கள் ஒன்பது பேரில் மூத்தவர் அவர். இப்போது பெரிய வீடு, சொந்தக் கம்பனி.

"அண்ணை, அந்த இடத்தைக் கண்டுபிடிச்சிட்டன்."

"எந்த இடத்தை?"

"ரஷ்யாவிலை நாங்கள் கிழங்கு கிண்டின இடத்தை. அந்த அம்மாவைத் தேடி போன் எடுக்கப் போறன்."

அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்கென்ன விசரே? உதையெல்லாம் ஏன் இப்ப கிளறுறாய்? கேஸிலை நான் ரஷ்யா எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. பைலைத் திருப்பி எடுத்தாங்கள் எண்டால் சிற்றிசனைப் பறிச்சுப்போடுவாங்கள். என்ரை பேரை ஒரு இடத்திலையும் சொல்லிப்போடாதை" என்றார். மனிதருக்கு அறுபத்தைந்து வயது. நான் சிரித்துவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கும் அதே பயம் பிடித்துக்கொண்டது. மூன்று கிழமை டீச்சர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

மனைவிதான் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்த மனிசிக்கு இப்ப எண்பது வயது வருமெல்லோ. நீங்கள் பயந்துகொண்டே இருங்கோ" என்றாள். மறுநாள் காலை நான் டீச்சரின் கதவைத் தட்டினேன்.

அந்தக் கிராம சபை இப்போது இல்லை. மூன்று சபைகளைச் சேர்த்து ஒன்றாக்கினார்களாம். பிறகு அதையும் கலைத்துவிட்டு, எல்லாவற்றையும் பட்டணத்து நிர்வாகத்தோடு இணைத்துவிட்டார்களாம். பழைய கட்டிடத்தில் ஒரே ஒரு பெண் கிழமைக்கு இரண்டு நாள் வந்திருந்து ஊர்ச் சனத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாராம். டீச்சர் நாலைந்து இடங்களுக்குப் பேசி அவருடைய இலக்கத்தை எடுத்துவிட்டார். எங்களுக்குக் காலை ஏழு மணி, அங்கே பின்நேரம். போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், இருக்க முடியவில்லை.

நான் மறக்காமல் வைத்திருந்த அந்தத் தலைவியின் பெயரை டீச்சர் சொன்னார். பிறகு வந்த பதிலை டீச்சர் உடனே மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். அந்த அம்மா இறந்து நாலு வருடமாகிறது.

நாலு வருடம். நான் குடியுரிமை எடுத்து இருபது வருடத்துக்கு மேல். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருந்திருந்தால் இன்னமும் தேடியிருக்கமாட்டேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. போதும் டீச்சர், நன்றி சொல்லிவிட்டு வையுங்கள் என்றேன். ஆனால் அந்தப் பெண் வைக்க விடவில்லை. யார் நீங்கள், ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்டார். பாலர் பாடசாலையில் இருந்த வெளிநாட்டவர்களில் ஒருவர் என்று டீச்சர் சொன்னதும், கதிரை இழுபடும் சத்தமும் அலுமாரி திறக்கும் சத்தமும் கேட்டன. பிறகு தாள் புரட்டும் சத்தம்.

அவர் பதிவேட்டை வாசித்தார். ஒன்பது பெயர்கள். மாடு இல்லை, ஆடு இல்லை. என் பொய்ப் பெயர் ஐந்தாவது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரே வாசகம்: தற்காலிகமாக வெளியே போயிருக்கிறார்.

அந்தப் பதிவேட்டை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதுவார்களாம். இல்லாதவர்களை நீக்கிவிட்டுத்தான் எழுதுவது வழக்கம். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் எங்கள் ஒன்பது பேரையும் புதிய புத்தகத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறார். அவர் பதவியை விட்டுப் போகும்போது, போனில் பேசிய இந்தப் பெண், இவர்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். விடு, வந்தால் இடம் வேண்டும் என்றாராம். கடைசியில் எல்லாம் கணினிக்கு ஏறியபோது, அடையாள இலக்கம் இல்லாத எங்களை அது ஏற்கவில்லை. அதனால் நாங்கள் காகிதத்திலேயே இருக்கிறோம்.

டீச்சர் மொழிபெயர்த்துக்கொண்டே அழுதார். நான் என் உண்மைப் பெயரைச் சொன்னேன். இருபத்தெட்டு வருடம் பிந்தி, சொல்லவேண்டியவர் இல்லாத இடத்தில் சொன்னேன். பதிவேட்டைத் திருத்தத் தனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் பென்சிலால் பக்கத்தில் எழுதலாம், அதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை என்றார் அந்தப் பெண். டீச்சர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மறுமுனையில் அவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதினார்.

அன்று பின்நேரம் யூனியன்வில்லுக்கு போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். மறுபடியும் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ரை பேரும் உதிலை கிடக்கோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. ரண்டாவது."

"என்ரை சரியான பேரையும் ஒருக்காச் சொல்லிவிடுறியே?" என்றார்.

நான் பிறந்த நாட்டிலும் வாழும் நாட்டிலும் எத்தனையோ அலுவலகங்கள் என் பெயரைச் சரியாக எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் பொய்யான பெயரில் என்னை எழுதிய அந்த ஒரு பெண்தான் நான் திரும்பி வருவேன் என்று நம்பி எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம், போரால் இப்போது போகமுடியாத அந்தக் கறுப்பு மண்ணுக்கு ஒருமுறை போய் நிற்கவேண்டும் என்று இன்றும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.