சூடேறினால் திணறும் கார்

மலேசியாவின் மூவாரில் கடைவாசல்களில் ஆளில்லாத கார்கள் உறுமிக்கொண்டு நிற்கும். உள்ளே ஏர்கோன் ஓடும். உரிமையாளரோ எதிர்க்கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்துக்குக் காத்திருப்பார். வந்த புதிதில், யாரோ மறந்துவிட்டார் போலும் என்று ஒரு காருக்குள் கையைவிட்டு நானே அணைத்துவிட்டேன். காருக்குச் சொந்தக்காரரான மலாய்க்காரர் ஓடி வந்து, "பனாஸ்லா, பாங்!" என்றார். வெயில் கொளுத்துகிறதே என்று அலுத்துக்கொண்டாராம். எனக்கு அப்போது மலாய் தெரியாது. நன்றி சொல்கிறார் என்று நினைத்து, "அதனால என்னங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

விருதுநகரில் வளர்ந்த உடம்பு இது. அங்கே சிக்னலில் சிவப்பு விழுந்தால் கால் தரையைத் தொடுமுன் கை சாவியைத் திருப்பிவிடும். வேன் ஓட்டிய என் சித்தப்பா, பாலத்து இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உருண்டே போனதாகப் பெருமையடிப்பார். நடுவழியில் நின்று, பயணிகள் இறங்கித் தள்ளிய நாட்களைப் பற்றிப் பேசமாட்டார்.

இங்கே நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் எனக்கு மேற்பார்வை வேலை. இரண்டு வருடத் தனிமைக்குப் பிறகு மனைவி மல்லிகாவுக்கு விசா கிடைத்தது. சனிக்கிழமை செனாயில் விமானம் இறங்குகிறது. "நம்ம கார்லயே கூட்டிட்டு வருவேன்" என்று போனில் அளந்திருந்தேன். அந்த வாரம் பார்த்துத்தான் என் பழைய காருக்கு வியாதி வந்தது. காலையில் சமர்த்தாகக் கிளம்பும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறியதும் இருமும், குலுங்கும், மிதித்தால் இழுக்காது. சிவப்பு விளக்கில் நின்றால் என் தொப்பையும் கூடவே ஆடும். அதில் இஞ்சின் நடுக்கம் எவ்வளவு, என் நடுக்கம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நெடுஞ்சாலை ஓரத்தில், ஊரிலிருந்து கொண்டுவரும் ஊறுகாய்ப் பெட்டிமேல் மல்லிகா உட்கார்ந்து என்னைப் பார்க்கும் பார்வை கண்முன் வந்து வந்து போனது. ஏழு கோயில்களுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். ஒரு கோயிலை நம்பி உட்கார என்னால் முடியாது.

பட்டறை வைத்திருக்கும் சிவா, பெக்கோக் தோட்டத்தில் பிறந்தவர், என் வயதுதான். "சூடானப்புறம் கொண்டாங்கண்ணே" என்றார். சூடாக்கிக் கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும், "ஒண்ணும் இல்லலா. நல்லா ஓடுது" என்று அனுப்பினார். கணினியைச் செருகினார், அதுவும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை, "காடிக்கு ஒண்ணுமில்லண்ணே. உங்களுக்குத்தான் பிரஷர் பாக்கணும்" என்றார். நான் பயந்துபோய், பார்த்தும் விட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். சிவா வேறொரு காருக்கடியில் படுத்திருந்தார். வழக்கம்போல ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பப் போனேன்.

"அண்ணே! ஓஃப் பண்ணாதீங்க!"

"உங்களுக்கு வேலை முடியட்டும், நான் காத்திருக்கேன்."

"இத்தன நாளும் ஓஃப் பண்ணிட்டா காத்திருந்தீங்க?"

"பெட்ரோல் சும்மாவா வருது?"

"அலமாக்!" நெற்றியில் கிரீஸோடு அடித்துக்கொண்டார். "ஆறிப்போன காடியத்தானா மூணு வாட்டியும் நான் பாத்தேன்?"

காய்ச்சல்காரனைத் தூக்கிப்போய், வரிசையில் நிற்கும்போதே ஈரத்துணி போட்டுக் குளிரவைத்து டாக்டரிடம் காட்டியிருக்கிறேன்.

இஞ்சின் ஓடும்போதே சிவா, பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் நான்கு காயில்களின் இணைப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றினால் குலுக்கல் கூடியது, இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. "இவன்தான். குளிர்ல நடிக்கிறான், சூடு ஏறினா தூங்கிடுறான்." புதிய காயில் மாட்டியதும் நடுக்கம் நின்றது. தொப்பையிலும்.

சனிக்கிழமை மல்லிகாவோடு திரும்பும்போது ஆயர் ஈத்தாமில் மழை பிடித்துக்கொண்டது. தேநீர் வாங்க இறங்கினேன். காரை அணைக்கவில்லை. "கதவைப் பூட்டிக்கோ. யார் தட்டினாலும் திறக்காதே" என்றேன். பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர் இரண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினேன். கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. அவள் பைகளைப் பார்த்தாள். முகம்வரை கண் ஏறவில்லை. பஸ் ஜன்னலில் வேர்க்கடலை விற்பவனை அனுப்புவதுபோல, "வேண்டாம், வேண்டாம்" என்று கையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கார் அலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் தட்டலாமா என்று யோசித்தபடி நான் மழையில் நின்றேன்.