சும்மா படங்களில் ஒரு கதவு

எங்கள் ஸ்கேன் அறையில் அவருக்குப் பெயர் ஸ்கேன் அக்கா. பெரிய டாக்டரே அப்படித்தான் கூப்பிடுவார். இருபது வருடமாக அந்த இயந்திரத்தின் குழாய்க்குள் ஆட்களை அனுப்பி வெளியே எடுக்கிறார். உள்ளே போகப் பயந்து அழுகிறவர்களிடம், "கண்ண மூடிக்கோங்க. பத்து நிமிஷம் உங்கள யாரும் வேலை ஏவ மாட்டாங்க" என்பார். அழுத ஆள் சிரித்துக்கொண்டே படுத்துவிடும். நான் அங்கே நர்ஸ். ஊசியால் குத்துவது என் வேலை, வாயால் குத்துவது என் பழக்கம் என்று அக்கா சொல்வார். உண்மைதான்.

மூன்று வருடமாக எங்கள் இடத்தில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. போதைப் பழக்கத்தை விட்டவர்களின் மூளையைப் படம் எடுப்பது. உள்ளே படுத்திருப்பவருக்கு ஒரு சின்னத் திரையில் புகைப்படங்கள் காட்டுவோம். ஊசி, மாத்திரைப் பட்டை என்று ஆசையைக் கிளப்புகிற படங்கள் நடுவே வாளி, நாற்காலி, படிக்கட்டு என்று ஒன்றுமில்லாத படங்களும் வரும். அந்த ஒன்றுமில்லாத வகைக்கு ஆராய்ச்சித் தாளில் ஏதோ நீளமான பெயர் இருக்கிறது. நாங்கள் வைத்த பெயர் சும்மா படம். சும்மா படத்துக்கு மூளை சும்மா கிடக்கும், மற்றதற்கு எகிறும். ஆராய்ச்சிக்கு அந்த வித்தியாசம்தான் வேண்டும்.

சும்மா படங்களை எடுத்துக் கொடுத்ததே அக்காதான். "இதுக்குப் போய் போட்டோகிராபரா? எங்க வீட்ல இல்லாத சும்மா சாமானா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றி வந்து, கைபேசியில் நாற்பது படம் எடுத்து வந்தார்.

அக்காவுக்கு ஒரு தம்பி, வயர்மேன். தனக்கு எட்டு வயதாக இருந்தபோதிலிருந்து அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. ஏணியில் இருந்து விழுந்து முதுகு உடைந்தபோது வலிக்கு ஊசி போட்டார்கள். முதுகு சரியானது, ஊசி நிற்கவில்லை. அக்கா பட்ட பாட்டை வாயால் சொல்ல முடியாது. ஒருவழியாக மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து, ஊசியை விட்டும் விட்டான். பதினோரு மாதம் ஆகிறது. அக்கா அவனுக்காக அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புது மெத்தை போட்டுக் காத்திருந்தார். அவனோ ஒரு பட்டறைக்கு மேலே தனி அறை எடுத்துக்கொண்டான், வீட்டுப் பக்கமே வரவில்லை.

வாரா வாரம் போனில் இதே பேச்சு. "ஏன்டா வீட்டுக்கு வரல?"

"சும்மாதான்க்கா."

அந்தப் பதிலைக் கேட்டால் அக்காவுக்கு உடம்பெல்லாம் எரியும். "என் மூஞ்சில முழிக்கப் பிடிக்கல அவனுக்கு" என்று என்னிடம் வந்து மூக்கை உறிஞ்சுவார். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? "மனசு வச்சா எதத்தான் விட முடியாது? பெத்தவ மாதிரி பாத்துக்கிட்ட உங்க வீட்டுக்கு வரக்கூட அவனுக்கு மனசில்ல. விட்டுத் தள்ளுங்கக்கா" என்று எரிகிறதில் இன்னும் எண்ணெய் ஊற்றினேன்.

அப்படிப்பட்டவன் மையத்தின் வழியாக எங்கள் ஆராய்ச்சிக்கே பெயர் கொடுத்து வந்து நின்றான். ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா தயங்கினார். படம் எடுக்கப்படுகிறவரின் சொந்தக்காரர் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. இவன், "அக்கா இருந்தாத்தான் உள்ள போவேன்" என்று அடம். கடைசியில் இயந்திரத்தை வேறொருவர் ஓட்ட, அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். நாற்பது நிமிடம் அசையாமல் கிடந்தான். வெளியே வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எங்கள் அறைக் குளிரிலோ பல் கிட்டும். "உள்ள ஒரே புழுக்கம்" என்றான். நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டு அனுப்பினார். நான் கூப்பிடாமலே போனேன்.

"இவருக்கு எல்லாம் தலைகீழா வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஊசிப் படத்துக்குப் பெருசா ஒண்ணுமில்ல, சும்மா படத்துக்கு எகிறுது. மெஷின் கோளாறுன்னு நினைச்சேன். ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தா, எல்லாம் ஒரே படத்தால வந்த வினை. பன்னெண்டு தடவ காட்டியிருக்கோம், பன்னெண்டு தடவையும் அப்படித்தான்."

கணினியில் அந்தப் படத்தைத் திறந்தார். பச்சை பெயிண்ட் உரிந்த ஒரு கதவு, துருப்பிடித்த தாழ்ப்பாள்.

"ஐயோ, இது எங்க வீட்டு பாத்ரூம்!" என்றார் அக்கா.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "அங்கதான்க்கா போட்டுக்குவேன். ரெண்டு வருஷம். வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு."

"வெளிய போய்த்தான் போடுறேன்னு நினைச்சேனேடா... உனக்கு வயித்துக்கு மருந்தெல்லாம் வாங்கிக் குடுத்தேனே!"

டாக்டரம்மா அவன் மூளையின் படத்தைக் காட்டினார். அடியில், நடுவில், நிலக்கடலை அளவு ஓர் இடம் சிவந்து கிடந்தது. "பசிக்குச் சாப்பிட்டா, குழந்தை சிரிச்சா, இங்க டோபமைன் கொஞ்சமா ஊறும். 'இது நல்லாருக்கு, மறக்காத, மறுபடி செய்'னு மூளைக்குச் சொல்ற ரசாயனம். போதை ஊசி அத வெள்ளமாத் தொறந்து விட்டுடும். அப்ப மூளை மருந்த மட்டும் மனப்பாடம் பண்ணாது. அதுக்கு முன்னாடி வந்த அத்தனையும் பண்ணிடும். படி, கதவு, தாழ்ப்பாள் சத்தம் எல்லாம். நாளாக ஆக மருந்துல சுகம் கொறஞ்சுடும், ஆனா அந்த இழுப்பு கொறையாது. விட்டு வருஷக்கணக்கானாலும் ஒரு கதவப் பாத்தா போதும்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எத்தனை ஆயிரம் மண்டைகளைப் படம் எடுத்திருப்போம்! ஒரு வீட்டுக் கதவு ஒரு மனுஷனுக்குள்ளே போய் இப்படி உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டது?

"இதையும் பாருங்க" என்று நெற்றிக்குப் பின்னால் இன்னொரு சிவப்பைத் தொட்டுக் காட்டினார். "இது பிரேக். ஒரு ஆளோட படத்த வச்சு சத்தியம் பண்ண முடியாதுதான். ஆனா அடியில இழுத்த ஒவ்வொரு தடவையும் இதுவும் சேர்ந்தே ஏறியிருக்கு. எனக்கு என்னமோ, பிடிச்சு நிறுத்தியிருக்கார்னுதான் தோணுது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மனசு வச்சா முடியாதா என்று கேட்டவள் நான். மனசு வைப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது.

அக்கா நாற்காலியைத் தம்பிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "முடியலன்னா அமுக்கச் சொல்லி உன் கையில பஸ்ஸர் குடுத்திருந்தாங்கள்ல? அமுக்கியிருக்கலாம்ல?"

"அமுக்கினா நீ பயந்துருவ."

"வீட்டுக்கு வராததும் இதனாலதானா?"

"உன்னப் பாக்கணும்னு ஏழெட்டு தடவ தெருமுனை வரைக்கும் வந்திருக்கேன்க்கா. வீடு தெரிஞ்சதும் வாய் வறண்டுடும், திரும்பிடுவேன். உன் வீட்ட நினைச்சாலே எனக்கு அந்த நினைப்பு வருதுன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்றது?"

அக்கா அவன் முகத்தை நிமிர்த்தினார். பிறகு, "வராதடா" என்றார். "நாளைக்கே கதவ மாத்திடுறேன். அப்பவும் இழுத்துச்சுன்னா வரவே வராத. நான் வர்றேன் உன் ரூமுக்கு."

'வா, வா' என்று பதினோரு மாதம் கூப்பிட்டபோதெல்லாம் கல் மாதிரி இருந்தவன், 'வராத' என்றதும் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அக்கா அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "உன் ரூம்ல பாத்ரூம் கதவு என்ன கலருடா?" என்று கேட்டார்.

"கதவு இல்லக்கா" என்றான். "போன அன்னைக்கே கழட்டி வச்சுட்டேன்."